செம்மநத்தம் சாலையில் திறக்காத கார்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த நாட்களில், நானும் அப்பாவும் ஏற்காட்டுக்குப் போனோம். எங்களுக்குச் சேலம்தான். மொட்டை மாடியில் துணி காயப்போடப் போனால் மலை கண் முன்னால் நிற்கும். ஆனாலும் அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒரு தடவைகூட மேலே போனதில்லை.

அப்பா அரசு பஸ் டிரைவராக இருந்தவர். பாதி சர்வீஸ் மலை ரூட்டில்தான். கடைசி சில வருடங்களில் நுரையீரல் கெட்டுவிட்டது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். சட்டைப்பையில் எப்போதும் ஒரு இன்ஹேலர் இருக்கும். அம்மா போன பிறகு என்னோடுதான் இருந்தார். எதையும் கேட்கிற சுபாவம் இல்லாதவர். அப்படிப்பட்டவர் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஏங்கண்ணு, ஒருக்கா மலைக்குப் போயிட்டு வந்தரலாமா?" என்று கேட்டார். டாக்டரிடம் கேட்டேன். "குளிர்ல ரொம்ப நேரம் நிக்க விடாதீங்க, மருந்தைக் கையிலயே வெச்சுக்கங்க" என்று சொல்லி அனுமதித்தார். என் கணவருக்கு வெளியூரில் வேலை. மகளுக்குக் கல்லூரி. அதனால் நானே காரை எடுத்துக்கொண்டு அப்பாவோடு கிளம்பினேன்.

அடிவாரத்தில் டீ குடித்துவிட்டு ஏறினோம். வளைவுக்கு வளைவு அப்பாவின் வலது கால் தானாக அழுத்தும், கை தானாகக் கியரைத் தேடும். எதிரே பஸ் வந்தால் எனக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். "ஒதுங்கி நில்லு சாமி, மேல ஏறுற வண்டிக்குத்தான் வழி, ஆனாலும் பஸ்ஸுக்கு உட்ரு" என்பார். அவர் முகத்தில் அவ்வளவு தெளிச்சியை நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

முதலில் சேர்வராயன் கோயிலுக்குப் போனோம். குகைக்குள் குனிந்து போக அவரால் முடியாது. வெளியே நின்றே கும்பிட்டார். அங்கே ஒரு குரங்கு, பக்கத்தில் நின்ற பெண்ணின் கைப்பையைப் பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. அந்தப் பெண் அழாத குறை. அதைப் பார்த்த பயத்தில் அதற்குப் பிறகு எங்கே இறங்கினாலும் காரைப் பூட்டிவிட்டே நகர்ந்தேன்.

திரும்பும்போது அப்பா, செம்மநத்தம் வரை போய் வரலாம் என்றார். அந்தக் காலத்தில் கடைசி பஸ்ஸைக் கொண்டுபோய் ராத்திரி நிறுத்தும் ஊர்களில் அதுவும் ஒன்றாம். சாலை குறுகல். இரண்டு பக்கமும் காப்பித் தோட்டம், நடுநடுவே மிளகுக் கொடி சுற்றிய உயரமான மரங்கள். ஒரு வளைவு வந்ததும், "இங்க நிறுத்து கண்ணு, கொஞ்ச நேரம் நின்னு பாக்கறேன்" என்றார். நல்ல குளிராக இருந்தது. ஸ்வெட்டர் போட்டுவிட்டேன். போடும்போது பையில் குத்துகிறது என்று இன்ஹேலரை எடுத்துச் சீட்டில் வைத்தார். என் போன் உள்ளேயே சார்ஜில் கிடந்தது. கைப்பையும் உள்ளே. காருக்குப் பக்கத்திலேயேதானே நிற்கப்போகிறோம் என்று சாவியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினேன். சாவி என்றால் பழைய மாதிரி இரும்புச் சாவி இல்லை. பட்டன் வைத்த கறுப்பு ரிமோட். அழுத்தினேன். கார் 'கீக்' என்று சத்தம் போட்டுப் பூட்டிக்கொண்டது. அந்தப் பட்டன் செய்த கடைசி வேலை அதுதான்.

சாலையோரக் கல்கட்டில் உட்கார்ந்து அப்பா பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழேயிருந்து பனிமூட்டம் எழும்பி வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எதிரிலிருந்த மரங்கள் மறைந்தன. அப்பா இருமினார். இரண்டாவது இருமல் நிற்கவில்லை. முதுகைத் தடவிக்கொடுத்தேன். இருமல் ஓய்ந்ததும் ஒரு விசில் மாதிரி சத்தம் நெஞ்சுக்குள்ளிருந்து வர ஆரம்பித்தது. அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம். அவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காரைக் கைகாட்டினார்.

ஓடிப்போய்ப் பட்டனை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. வழக்கமாகச் சாவியில் ஒரு சிவப்புப் பொட்டு மினுங்கும், காரின் விளக்குகள் கண் சிமிட்டும். இரண்டுமே இல்லை. அழுத்திப் பிடித்தேன். கதவுக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினேன். ஈரமாகியிருக்குமோ என்று துப்பட்டாவில் துடைத்தேன். ஊதினேன். உள்ளங்கையில் தட்டினேன். நாலு கதவையும் சுற்றிவந்து இழுத்துப் பார்த்தேன். டிக்கியை இழுத்தேன். கண்ணாடி வழியாக இன்ஹேலர் தெரிந்தது. நீல நிறத்தில், சீட்டின் நடுவில், கைக்கு எட்டுகிற தூரத்தில் கிடந்தது.

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, தோளை உயர்த்தி உயர்த்தி மூச்சை இழுத்தார். "இரு கண்ணு... பதறாத" என்று சொல்ல வந்தார். 'இரு' வரைக்கும்தான் வார்த்தை வந்தது.

ரோட்டோரம் கிடந்த கல்லை எடுத்தேன். கண்ணாடியில் அடித்தேன். படங்களில் ஒரே அடியில் நொறுங்குகிற கண்ணாடி அது இல்லை. கல் வழுக்கிக்கொண்டு போனது, என் கைதான் தோல் உரிந்தது. "யாராவது இருக்கீங்களா" என்று கத்தினேன். எனக்கே என் குரல் அடையாளம் தெரியவில்லை.

வளைவுக்கு அந்தப் பக்கம், மரங்களுக்கு நடுவே ஒரு ஓட்டு வீடு இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். கேட்டைத் திறந்துகொண்டு ஒரு பெண்மணி வந்தார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருப்பார். நைட்டி, மேலே ஒரு ஸ்வெட்டர், கழுத்தில் சின்னச் சிலுவை. "கார் திறக்கமாட்டேங்குது, மருந்து உள்ள இருக்கு, சாவி வேலை செய்யலை" என்று சாவியைத் தூக்கிக் காட்டிக் கத்தினேன்.

அவர் என் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஒரு கையால் கேட்டைப் பிடித்துக்கொண்டு, முகம் வெளுத்து, ஒரு அடிகூட எடுத்து வைக்காமல் நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது. எனக்கு அது யுகமாக இருந்தது. என்ன மனுஷி இவள், வேடிக்கை பார்க்கிறாளே என்று கோபம் பொங்கியது. மறுபடியும் கல்லை ஓங்கினேன்.

அடுத்த நிமிடம் அவர் கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

"கல்லக் கீழ போடுங்க. சாவிய எங்கிட்டக் குடுங்க."

"பட்டன் வேலை செய்யலைங்கக்கா, எல்லாம் பார்த்துட்டேன்…"

"பட்டன் வேண்டாமுங்க. குடுங்க."

வாங்கித் திருப்பினார். அதன் விளிம்பில் இருந்த ஒரு சின்னக் குமிழை நகத்தால் தள்ளிப் பிடித்துக்கொண்டு இழுத்தார். உள்ளேயிருந்து மெல்லிய இரும்புச் சாவி ஒன்று உருவிக்கொண்டு வந்தது. அந்த ரிமோட்டை நான் வருடக்கணக்காகக் கையில் வைத்திருக்கிறேன். அதற்குள் ஒரு சாவி இருப்பது எனக்குத் தெரியாது. சாவி போடக் கதவில் துளையே இல்லையே என்று நான் சொல்லி முடிப்பதற்குள், அவர் டிரைவர் பக்கத்துக் கதவின் கைப்பிடியை இழுத்துப் பிடித்து, அதன் ஓரத்திலிருந்த சின்ன மூடியின் அடியில் சாவி முனையை விட்டு நெம்பினார். மூடி தெறித்து விழுந்தது. உள்ளே துளை இருந்தது. சாவியைப் போட்டுத் திருகினார். கதவு திறந்தது.

திறந்ததும் கார் அலற ஆரம்பித்தது. திருடன் நுழைந்தால் கத்துமே, அந்தச் சத்தம். மலை முழுக்க எதிரொலித்தது. "கத்தட்டும், நீங்க மருந்த எடுங்க" என்றார்.

இன்ஹேலரை அப்பா வாயில் வைத்து அழுத்தினேன். முதல் தடவை அவரால் உறிஞ்சவே முடியவில்லை. அந்த அம்மா முன்னால் மண்டியிட்டு அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, என்னையப் பாருங்க. மொதல்ல மூச்ச வெளிய உடுங்க. ம்... இப்ப இழுங்க" என்றார். இரண்டாவது, மூன்றாவது தடவைகளில் கொஞ்சம் உள்ளே போனது. ஆனாலும் உதடு நீலம் பாரித்திருந்தது.

"இது பத்தாதுங்க. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம். ஆம்புலன்ஸு டவுன்ல இருந்துதான் வரணும், இங்க டவரும் ஒழுங்கா கெடைக்காது. தூக்குங்க ஐயாவ."

இருவருமாகப் பின்சீட்டில் உட்காரவைத்தோம். நான் ரிமோட்டை வாங்கிக்கொண்டு ஓடிப்போய் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினேன். கார் கிளம்பவில்லை. சாவியைக் காணோம் என்று திரையில் எழுத்து வந்தது. சாவி என் கையில் இருக்கிறது. அலாரம் காதைப் பிளக்கிறது. எனக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது.

பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. "அழுகாதீங்க. அந்த ரிமோட்டையே பட்டன் மேல ஒட்டி வெச்சு, அதாலயே அமுத்துங்க. பிரேக்க மிதிச்சுக்கங்க."

அப்படியே செய்தேன். இஞ்சின் பிடித்தது. அலாரம் நின்றது. அந்த அமைதியில் அப்பாவின் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

அவர் கதவைச் சாத்திக்கொண்டு அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்தார். "அக்கா, உங்க வீடு திறந்து கிடக்கே" என்றேன். "ஊடு கெடக்குது போங்க, நீங்க ரோட்டப் பாருங்க" என்றார்.

அந்தப் பயணம் இப்போதும் கனவில் வருகிறது. முன்னால் பத்தடிக்கு மேல் தெரியாத பனி. பின்னால் அவர் நிறுத்தாமல் பேசிக்கொண்டே வந்தார். "மெதுவா உடுங்க ஐயா... அவ்வளவுதான்... டவுன் வந்திருச்சு..." நடுவில் அவர் வாய்க்குள் ஜெபிப்பதும் கேட்டது. ஒரு கண்மறைவான வளைவில் கண்ணாடியில் பார்த்தேன். அப்பா கண்ணை மூடியபடியே விரலை உயர்த்தினார். எனக்குப் புரிந்தது. ஹாரன் அடித்தேன். எதிரே ஒரு ஜீப் ஒதுங்கி நின்றது.

ஆஸ்பத்திரியில் உடனே ஆக்ஸிஜன் வைத்தார்கள். முகமூடி வழியாகப் புகை மருந்து கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள். வெகுநேரம் கழித்து டாக்டர் வெளியே வந்து, "இப்பப் பரவாயில்லை. மூச்சு சமமாயிட்டு வருது. இன்னும் லேட்டாயிருந்தா கஷ்டமாப் போயிருக்கும்" என்றார். நான் துப்பட்டாவால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். அந்த அம்மாவும் திரும்பி நின்று அழுதார். என்னைவிட அதிகமாக அழுதார். முன்பின் தெரியாத ஒருவருக்காக இப்படி அழுவாரா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தோம். பேச்சுவாக்கில், "உங்களுக்கு எப்படிக்கா இதெல்லாம் தெரியும்? நீங்களும் கார் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"இருக்குதுங்க. இதே வண்டிதான். செட்டுல மூடி வெச்சிருக்கறேன்" என்றார். டீயைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் கணவர் பக்கத்து எஸ்டேட்டில் ரைட்டராக, கணக்கு வழக்கு பார்ப்பவராக இருந்தாராம். முந்தின வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அவர் தானே நடந்து வாசலுக்கு வந்துவிட்டார். கார் வாசலிலேயே நிற்கிறது. சாவியை அழுத்தினால் திறக்கவில்லை.

"நீங்க செஞ்ச எல்லாத்தையும் நானும் செஞ்சனுங்க. தொடச்சேன், ஊதினேன், தட்டினேன். அவரும் வாங்கி வாங்கி அமுத்திப் பாத்தாரு. கடைசில ரோட்டுக்கு ஓடி ஜீப்பு ஒண்ண நிறுத்திக் கூட்டியாந்தேன். நான் திரும்பி வர்றப்ப, கார் மேல சாஞ்சு உக்காந்திருந்தாரு. சாவி கைலயே இருந்துச்சு."

நான் அவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தேன்.

"எல்லாம் முடிஞ்சு, ஒரு வாரம் கழிச்சு வண்டி பாக்கறவரு வந்தாருங்க. சாவிய வாங்கினாரு, அந்தக் குமிழத் தள்ளினாரு, இழுத்தாரு, தெறந்துட்டாரு. 'பேட்டரிதாங்கம்மா தீந்துபோச்சு, கைக்கடிகாரத்துக்குப் போடற மாதிரி சின்ன பேட்டரி, வேற ஒண்ணுமில்ல'ன்னாரு. ரிமோட்ட ஒட்டி வெச்சு ஸ்டார்ட் பண்றதையும் அவருதான் காமிச்சாரு. எங்க ஊட்டுக்காரரு அடக்கத்தன்னைக்குக்கூட நான் அப்படி அழுகலைங்க. அந்தச் சாவி வெளிய வந்ததப் பாத்துட்டுத்தான் நொம்ப அழுதேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரே சொன்னார்: "சீக்கிரம் கொண்டாந்திருந்தாலும் சொல்ல முடியாதும்மான்னு டாக்டரு சொன்னாரு. நெசமாத்தான் சொன்னாரோ, எம்மனசுக்காகச் சொன்னாரோ, தெரியலைங்க."

கேட்டருகே அவர் நின்றுபோனது ஏன் என்று எனக்கு அப்போது விளங்கியது. அவரைப் பற்றி மனதுக்குள் நான் நினைத்ததும் நினைவுக்கு வந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "எங்களைப் பார்த்ததும் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்" என்றேன்.

"உள்ள ஓடிப்போயிக் கதவச் சாத்திக்கலாம்னு இருந்துச்சுங்க" என்றார், ஒளிக்காமல். "காலே வரல. ஐயா மூச்சு இழுக்கற சத்தம் கேட்டுச்சு. ஆண்டவரே, அன்னைக்குத் தெரியாமப் போச்சு, இன்னைக்குத் தெரியுமேன்னு நெனச்சேன். வந்துட்டேன்."

அன்று மாலையே அப்பாவை ஆம்புலன்சில் சேலத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். என் சித்தப்பா மகன் மேலே வந்து சேரும் வரைக்கும் அந்த அம்மா எங்களோடுதான் இருந்தார். கிளம்பும்போது என் தோளைத் தட்டி, "மொதல்ல கடைக்கு ஆள் அனுப்பி அந்த பேட்டரிய மாத்திருங்க. உங்க ஊட்ல எல்லாத்துக்கும் அந்தச் சாவிய எடுத்துக் காமிங்க" என்று மட்டும் சொன்னார். அதன்பின் எனக்குத் தெரிந்த ஒவ்வொருவருக்கும் அதை எடுத்துக் காட்டிவிட்டேன். பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கவில்லை.

தைப்பொங்கல் முடிந்து, அப்பா கொஞ்சம் தேறியதும் அந்த அம்மாவைப் பார்க்கப் போனோம். அப்பாவே கேட்டுக் கிளம்பினார். பழமும் புடவையும் கொடுத்துவிட்டு உட்கார்ந்தோம். சுவரில் அவர் கணவரின் படம் மாட்டியிருந்தது. அப்பா எழுந்து போய் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு திரும்பி, "இவரு பேரு என்னங்கம்மா?" என்றார். அந்த அம்மா சொன்னார். அப்பா ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். நன்றி என்ற வார்த்தையை அவர் சொல்லவே இல்லை.

அப்பா காலையில் குளித்துவிட்டு சாமி படத்துக்கு முன்னால் நின்று, அம்மா, தாத்தா, பாட்டி என்று போய்ச் சேர்ந்தவர்கள் பெயரையெல்லாம் முணுமுணுப்பது வழக்கம். அந்தத் தை மாதத்திலிருந்து அந்த வரிசையில், அவர் ஒருநாளும் பார்த்திராத ஒரு கிறிஸ்தவரின் பெயரும் சேர்ந்துகொண்டது.

அப்பா அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் இருந்தார். மகள் முதல் சம்பளத்தில் எடுத்துக்கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டார். ஒரு விடியற்காலையில் தூக்கத்திலேயே, தன் கட்டிலில், சிரமப்படாமல் போய்விட்டார். செய்தி சொன்னதும் அந்த அம்மா முதல் பஸ்ஸைப் பிடித்து மலையிலிருந்து இறங்கி வந்தார். எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்த பிறகும் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

இப்போது காலையில் விளக்கேற்றிவிட்டு அந்தப் பெயர்களை நான் சொல்கிறேன். அப்பாவோடு எனக்குக் கூடுதலாகக் கிடைத்த அந்த நாட்கள், ஒருவர் தன் ஆறாத துக்கத்தை மிதித்துக்கொண்டு ஓடி வந்து கொடுத்தவை என்று நினைக்கும்போது, யாருடைய கூப்பிடு குரலையும் கேளாததுபோல் கடந்து போக எனக்கு இன்றுவரை மனம் வருவதில்லை.